அடிக்கிற கையே அணியையும் தேர்வு செய்தால்?

தென் கொரியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2019இல் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை விளையாட்டு அணிகளில் இருந்த 57,557 மாணவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் 14.7 சதவீதம் பேர் அடி உதை பட்டிருந்தார்கள். 15.7 சதவீதம் பேர் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகியிருந்தார்கள். 3.8 சதவீதம் பேர் பாலியல் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். இந்த எண்களைவிட என்னை அதிகம் உலுக்கியது வேறொரு பதில். அடி வாங்கிய தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம், அதன் பிறகு உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டார்கள். 38.7 சதவீதம் பேர், "இன்னும் நன்றாக முயற்சி செய்ய வேண்டும் என்று தோன்றியது" என்றார்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு அடித்தவர் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் தவறு என்று அது எடுத்துக்கொண்டது. தனக்கு நடந்தது தவறு என்றே தெரியாத பிள்ளை எப்படிப் புகார் கொடுக்கும்? நல்ல பயிற்சியாளராகப் பார்த்துச் சேர்ப்பது பெற்றோரின் பொறுப்பு, இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான முதல் பதில் இந்த 38.7 சதவீதத்தில் இருக்கிறது.

எது கண்டிப்பு, எது கொடுமை

விடியற்காலையில் மைதானத்துக்கு வரச் சொல்வது கொடுமையல்ல. ஒரே வீச்சைச் சரியாக வரும்வரை ஐம்பது முறை வீச வைப்பதும், பயிற்சிக்கு ஒழுங்காக வராத பிள்ளையை ஓர் ஆட்டத்தில் வெளியே உட்கார வைப்பதும் கொடுமையல்ல. கை வைப்பது கொடுமை. உடம்பையோ நிறத்தையோ பிறப்பையோ சொல்லி எல்லார் முன்னாலும் இழிவுபடுத்துவது கொடுமை. சாப்பாட்டையும் தண்ணீரையும் தண்டனையாக மறுப்பது, காயத்தோடு ஆடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது, பாலியல் சீண்டல் எல்லாமே கொடுமைதான். பிள்ளைகளுக்குள்ளேயே நடப்பதும் இதில் சேரும். மூத்தவர்கள் இளையவர்களைத் துணி துவைக்க வைப்பார்கள், இரவில் வரிசையில் நிறுத்தி அடிப்பார்கள், ஒரு பிள்ளையைக் குறிவைத்து எல்லோருமாக ஒதுக்குவார்கள். விடுதிகளில் இதைப் பல பயிற்சியாளர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். மூத்தவர்கள் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

பெற்றோருக்குத் தெரிந்து நடந்தால் அது கொடுமையாகாது என்று சிலர் நினைக்கிறார்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்த வழக்கம் நம் ஊரிலும் இருந்தது. இன்றும் சில மைதானங்களில் அந்தக் குரல் கேட்கிறது. பெற்றோர் சம்மதம் கொடுத்துவிட்டால் பிள்ளையின் உரிமை இல்லாமல் போய்விடாது. இந்த முடிவைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு விடாமல் பொதுவான விதியாக்குவதற்கு அதுவே காரணம்.

அடித்தால்தான் முன்னேறுகிறார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று பயிற்சியாளர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது உண்மை, அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பிழை. இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர் ஒருவர் உளவியலாளர் டேனியல் கானெமனிடம் இதையே சொன்னார். பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறார்கள், திட்டினால் நன்றாகப் பறக்கிறார்கள் என்பது அவருடைய அனுபவம். கானெமன் கொடுத்த விளக்கம் எளிமையானது. ஒருவருடைய ஆட்டம் இயல்பாகவே ஏறி இறங்கும். மிக மோசமான ஆட்டத்துக்கு அடுத்தது, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். மோசமாக ஆடியபோது மட்டும் அடிப்பவருக்கு, அடுத்த ஆட்டத்தின் முன்னேற்றம் அடியால் வந்ததாகத் தெரிகிறது. இந்த மயக்கம் ஒரு வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடியது. அப்படி அடி வாங்கி வளர்ந்த ஆட்டக்காரர்தான் பிறகு பயிற்சியாளராக வருகிறார்.

சோய் சுக்-ஹியோனுக்கு நடந்தது

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் வீராங்கனை சோய் சுக்-ஹியோன். பதின்ம வயதிலேயே ஆசிய அளவில் இளையோர் பிரிவில் பதக்கம் வென்றவர். கியோங்ஜு நகராட்சி நடத்திய அணியில் சேர்ந்தார். கொரியாவில் பல விளையாட்டுகளில் உள்ளாட்சி அமைப்புகள் சம்பளம் கொடுத்து அணிகளை நடத்துகின்றன. அந்த அணியில் பயிற்சியாளர், அணித் தலைவி, "அணி மருத்துவர்" என்று அழைக்கப்பட்ட ஓர் ஆள் ஆகிய மூவரும் அவரை ஆண்டுக்கணக்கில் அடித்தும் மிரட்டியும் வந்தார்கள். அந்த மருத்துவருக்கு மருத்துவ உரிமமே கிடையாது. எடை கூடிவிட்டது என்று பட்டினி போட்டார்கள். இன்னொரு முறை வாந்தி எடுக்கும்வரை ரொட்டியைத் தின்ன வைத்தார்கள். நியூசிலாந்தில் நடந்த பயிற்சி முகாமில் அவர் ரகசியமாக எடுத்த ஒலிப்பதிவில் அறை விழும் சத்தமே கேட்டது.

சோய் வாய் மூடி இருந்துவிடவில்லை. 2020இன் முதல் ஆறு மாதங்களில் அவரும் குடும்பத்தாரும் நகராட்சியிடம் சொன்னார்கள், காவல்துறையிடம் போனார்கள், கொரிய விளையாட்டு ஒலிம்பிக் குழுவிடமும் டிரையத்லான் சங்கத்திடமும் புகார் கொடுத்தார்கள். கடைசியாக மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போனது. எங்கேயும் அவரைக் காப்பாற்றும் வேகத்தில் எதுவும் நகரவில்லை. 2020 ஜூன் 26 அன்று, அந்தக் குற்றவாளிகள் செய்ததை வெளியே கொண்டுவாருங்கள் என்று தாய்க்குச் செய்தி அனுப்பிவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு அப்போது வயது 22. 2021 ஜனவரியில் நீதிமன்றம் போலி மருத்துவருக்கு 8 ஆண்டும், பயிற்சியாளருக்கு 7 ஆண்டும், அணித் தலைவிக்கு 4 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது.

அடிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் கொரியாவில் முன்பே இருந்தது. புகார் கொடுக்க இடமும் இருந்தது, ஒன்றுக்கு ஐந்தாக இருந்தது. அப்படியிருந்தும் சோய்க்கு உதவி கிடைக்கவில்லை. இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் பாதியைப் புரிந்துகொண்டது மாதிரி.

பயிற்சியாளரின் கையில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். யார் அணியில் ஆடுவது என்று முடிவு செய்கிறவர் அவர். கொரியாவில் பள்ளி அணி மாணவருக்குப் பல்கலைக்கழக இடம் போட்டி முடிவுகளைப் பொறுத்தே கிடைத்துவந்தது. ஆடாவிட்டால் முடிவும் இல்லை, படிப்பும் இல்லை. ஆண்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் வென்றாலும், ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றாலும், கட்டாய ராணுவப் பணியிலிருந்து பெருமளவு விலக்கு கிடைக்கும். பயிற்சியாளரின் நிலைமையும் உறுதியானதல்ல. அவருடைய ஒப்பந்தம் முடிவுகளைப் பொறுத்தே புதுப்பிக்கப்படுகிறது, பள்ளி அணிகள் பலவற்றில் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பெற்றோர்களே கூடிக் கொடுத்துவந்தார்கள். புகார் எங்கே போகிறது? பதக்கம் வந்தால் பெருமைப்படும் சங்கத்துக்கும், அந்தச் சங்கத்தின் பழைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஒழுங்குக் குழுவுக்கும் போகிறது. அங்கே யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாரும் தத்தம் நலனைப் பார்த்துக்கொண்டாலே போதும், பிள்ளை தனியாக நின்றுவிடும்.

எனவே ஒரு விளையாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்கும்போது தண்டனை எத்தனை ஆண்டு என்பதை நான் முதலில் தேடுவதில்லை. பிள்ளையின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவரும் புகாரை விசாரிப்பவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களா என்றுதான் பார்க்கிறேன். அந்த முடிச்சை அவிழ்க்காத சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காகிதத்தில்தான் இருக்கும்.

சட்டத்தின் முதல் வரி

சோய் இறந்த சில வாரங்களிலேயே கொரிய நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தைத் திருத்தியது. மக்கள் அதை சோய் சுக்-ஹியோன் சட்டம் என்று அழைக்கிறார்கள். சங்கங்களுக்கு வெளியே விளையாட்டு நெறிமுறை மையம் என்ற அமைப்பு 2020 ஆகஸ்ட் 5 அன்று வேலையைத் தொடங்கியது. அதற்கான ஏற்பாடு, 2019 தொடக்கத்தில் ஐஸ் ஸ்கேட்டிங் பந்தய வீராங்கனை ஒருவர் தன் பயிற்சியாளர் மீது கூறிய புகாரை அடுத்தே ஆரம்பமாகியிருந்தது. கொடுமை நடப்பதாகத் தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, பயிற்சியாளர்களும் விளையாட்டு அமைப்புகளில் இருப்பவர்களும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று திருத்தம் சொன்னது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதைத் தடை செய்தது. தவறு செய்த பயிற்சியாளரின் தகுதியை நிறுத்திவைக்கும் காலத்தைக் கூட்டியது, அணிகளுக்குப் பொதுவான ஒப்பந்தப் படிவத்தைக் கொண்டுவந்தது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் கருதுவது அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு, விளையாட்டின் நோக்கங்களில் ஒன்றாக நாட்டின் பெருமையை உயர்த்துவதைச் சொல்லிவந்தது. அந்தச் சொற்களை நீக்கிவிட்டு, விளையாட்டில் இருப்பவர்களின் மனித உரிமையைக் காப்பதை அந்த இடத்தில் வைத்தார்கள். இது அலங்காரம் இல்லை. ஒரு சட்டத்தின் நோக்கப் பிரிவை வைத்துத்தான் அதிகாரிகள் நிதி ஒதுக்குகிறார்கள், நீதிமன்றங்கள் மற்றப் பிரிவுகளுக்குப் பொருள் சொல்கின்றன. நாட்டின் பெருமையே குறிக்கோள் என்று எழுதிவைத்த சட்டத்தின் கீழ், பதக்கம் கொண்டுவரும் பயிற்சியாளரைத் தள்ளிவைப்பது எப்போதும் நாட்டுக்கு நட்டமாகவே தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. மையத்துக்குக் காவல்துறையின் அதிகாரம் கிடையாது. விசாரித்து முடித்து, நடவடிக்கை எடுங்கள் என்று கேட்கத்தான் முடியும். தண்டனையைப் பழையபடி சங்கமே தீர்மானித்தபோது அது இலேசாகவே முடிந்த வழக்குகள் உண்டு. முடிச்சின் ஒரு முனை மட்டும் அவிழ்ந்திருக்கிறது.

பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமை இன்னும் சிக்கலானது. 2021 பிப்ரவரியில் தேசிய அணியில் ஆடிவந்த கைப்பந்துச் சகோதரிகள் இருவர் மீது, நடுநிலைப் பள்ளி நாட்களில் அணித் தோழிகளைத் துன்புறுத்தியதாகப் புகார் வெடித்தது. இருவரும் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். கழகம் அவர்களை நிறுத்திவைத்தது, தேசிய அணியும் விலக்கியது. பாதிக்கப்பட்டவர்களின் வலிக்குக் காலாவதி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அணி நடந்த பள்ளியில் அப்போது பொறுப்பில் இருந்த பெரியவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி இவ்வளவு சத்தமாகக் கேட்கப்படவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால், அதைத் தடுக்கும் கடமை விடுதியை நடத்துபவருடையது. விதிகள் முதலில் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவும் நார்வேயும்

அமெரிக்காவின் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசர் நூற்றுக்கணக்கான சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். 2016 ஆகஸ்டில் இண்டியானாபோலிஸ் ஸ்டார் நாளிதழ் அந்த விளையாட்டுச் சங்கத்தின் ஒரு வழக்கத்தை வெளிக்கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவரோ அவருடைய பெற்றோரோ கையெழுத்திட்டால் ஒழிய, பயிற்சியாளர் மீதான புகாரைச் சங்கம் வெறும் செவிவழிச் செய்தியாக ஒதுக்கிவந்தது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் நாசரின் பெயரும் வெளியே வந்தது. 2018 பிப்ரவரி 14 அன்று கையெழுத்தான சட்டம் அந்த வழக்கத்தை வேரோடு பிடுங்கியது. ஒலிம்பிக் அமைப்போடு சேர்ந்த விளையாட்டுகளில் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள், சந்தேகம் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடமும், விளையாட்டில் நடக்கும் கொடுமைகளை விசாரிக்க டென்வரில் உள்ள பாதுகாப்பு மையத்திடமும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம்.

அந்த மையத்தின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாத ஒன்று. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமானால், இன்னொருவர் பார்க்கக்கூடிய, வந்து குறுக்கிடக்கூடிய இடத்தில்தான் பேச வேண்டும். யாரையும் சந்தேகிக்காமல், யார் மனதையும் புண்படுத்தாமல், குற்றம் நடக்கும் சூழலையே இது குறைத்துவிடுகிறது. நல்ல பயிற்சியாளருக்கும் இது பாதுகாப்பு. ஆனாலும் புகார்கள் குவிந்து, விசாரணைகள் இழுத்துக்கொண்டே போகின்றன. மையத்தின் செலவுக்காக அமெரிக்க ஒலிம்பிக் குழு ஆண்டுக்கு 2 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் சொல்கிறது. யாரை விசாரிக்க வேண்டுமோ அவர்களிடமிருந்தே பணம் வருவது சரிதானா என்று வீரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நார்வே வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே 1987 முதல் குழந்தைகள் விளையாட்டுக்கு விதிகள் உண்டு. 2007இல் அவை பிள்ளைகளின் உரிமைகளாக எழுதப்பட்டன. பதினொரு வயதை எட்டும் ஆண்டுக்கு முன்னால் முடிவுப் பட்டியல், தரவரிசை எதுவும் கூடாது. தேசியப் போட்டிகள் பதின்மூன்றாம் வயது ஆண்டில்தான் தொடங்கலாம். எட்டு வயதுப் பிள்ளையின் வெற்றிக்கு மதிப்பெண்ணே இல்லாதபோது, அதை அடித்து வெல்ல வைக்கும் தேவை பயிற்சியாளருக்கு இல்லை. இப்படி வளர்த்தால் பதக்கம் வராது என்பார்கள். ஐம்பத்தைந்து லட்சம் மக்களைக் கொண்ட அந்த நாடு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று பட்டியலில் முதலிடம் பிடித்தது. விதிதான் பதக்கத்தைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. பனியும் பணமும் அங்கே நிறைய. பிள்ளைகளை மென்மையாக நடத்தினால் நாடு தோற்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் எது இருக்கிறது, எது இல்லை

சட்டம் இல்லாத நாடில்லை நம்முடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் புகார் செய்தாக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமை செய்தால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு பாயும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம், விளையாட்டு நிலையங்களையும் அரங்குகளையும் பணியிடம் என்றே சேர்த்து எழுதியிருக்கிறது. ஆனால் 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தலை எதிர்த்து டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்த பிறகுதான் வேறொன்று தெரியவந்தது. பல தேசியச் சங்கங்களில் அந்தச் சட்டம் கேட்கும் உள் புகார்க் குழுவே முறையாக அமைக்கப்படவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் அவற்றுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சிறார்களையும் பெண்களையும் பாதுகாக்கும் கொள்கை சங்கங்களுக்கு வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின்படி புகாரைப் பெறுபவர் சங்கத்துக்கு வெளியே இருப்பாரா என்பதைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

மிகப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் தடை பள்ளிக்கூடத்துக்கானது. மாலையில் பிள்ளை போகும் தனியார் கிரிக்கெட் அகாடமியும், பாட்மிண்டன் கூடமும், நீச்சல் குளமும் பள்ளிக்கூடம் அல்ல. தேசியச் சங்கத்தின் கை அங்கே அவ்வளவாக நீளாது. நம் சிற்றூர்களிலும் நகரங்களிலும் பெரும்பாலான பிள்ளைகள் விளையாட்டைக் கற்றுக்கொள்வது இங்கேதான். இங்கும் அதே முடிச்சுதான்: மாவட்டத் தேர்வுக்கு யார் பெயரை அனுப்புவது என்பது பயிற்சியாளரின் வாயில் இருக்கிறது, அந்தச் சான்றிதழை நம்பிக் கல்லூரி இடமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் இருக்கின்றன. விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். சிறார்களுக்குப் பயிற்சி தரும் ஒவ்வோர் இடமும் பதிவு செய்ய வேண்டும், பயிற்சியாளரின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும், தனியே பேசும் விதியும் புகார் எண்ணும் சுவரில் எழுதப்பட வேண்டும் என்று ஒரு மாநில அரசு நினைத்தால் விதி கொண்டுவரலாம். தேர்வுக் குழுவில் அந்தப் பிள்ளையின் சொந்தப் பயிற்சியாளர் இருக்கக் கூடாது என்பதையும் அதோடு சேர்க்கலாம்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. அகாடமியில் சேர்க்கும்போது, பயிற்சியை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா, வெளியூர்ப் போட்டியில் பிள்ளைகளோடு தங்குபவர் யார், புகார் என்றால் உரிமையாளரைத் தவிர வேறு யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால், சாட்சி தேடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. பாலியல் புகாரானால், பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.